ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிற நண்பனை என்ன செய்வது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது டாக்டர் எழுதுகிற கட்டுரை இல்லை. நான் பி.காம் மாணவன். இப்போதுதான் மூன்றாம் வருடப் பரீட்சை முடிந்தது. காஸ்ட் அக்கவுண்டிங்கில் ஒரு அரியர் பாக்கி இருக்கிறது (அதைப் பற்றி இன்னொரு நாள் புலம்புகிறேன்). ஆனால் போன ஐப்பசியிலிருந்து ஒரு விஷயத்தில் நான் நிறைய தப்பு செய்து, கொஞ்சம் கற்றுக்கொண்டேன். எழுதி வைத்தால் யாருக்காவது உதவும் என்று தோன்றியது.

எங்கள் ஊர் முள்ளிப்பட்டு. ஆரணிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆரணிப் பட்டு என்று கடையில் விற்கிறார்களே, அதை நெய்கிற ஊர்களில் ஒன்று. தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் தறிச் சத்தம்தான். என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் ஒருவன், பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தறியில் உட்கார்ந்துவிட்டான். அவன் அப்பாவுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது, அதனால் வேறு வழியில்லை. இது அவனைப் பற்றிய கட்டுரை. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுடா, ஆனா பேர் போடாதே" என்றான். அதனால் வெறும் 'அவன்'.

ஐப்பசி மழையில் இருமல் ஆரம்பித்தது. எல்லோருக்கும்தான் இருமல் வருகிறது, நானும் கண்டுகொள்ளவில்லை. மூன்று வாரம் ஆகியும் நிற்கவில்லை. சாயங்காலமானால் உடம்பு காய்கிறது. போன வருடம் தைத்த சட்டைக்குள் அவன் இரண்டு பேர் போகலாம் போல இருந்தான். "தறித் தூசிடா" என்பான். ஒரு நாள் டீக்கடைப் பின்பக்கம் இருமிவிட்டுக் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தான். மடிக்கும்போது நான் பார்த்துவிட்டேன். சிவப்பாக இருந்தது.

அன்றைக்கே சொன்னேன், "வாடா, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று. "வரமாட்டேன்" என்றான். அவ்வளவுதான். காரணம் எதுவும் சொல்லவில்லை.

நான் செய்த தப்புகள்

முதல் தப்பு, லெக்சர் அடித்தது. நெட்டில் படித்ததையெல்லாம் அவன் தறிக்குப் பக்கத்தில் நின்று ஒப்பித்தேன். காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் 1882 மார்ச் 24ஆம் தேதி உலகுக்கு அறிவித்தார், அதனால்தான் அந்தத் தேதியில் காசநோய் தினம், அது இது என்று. அவன் நாடாவைத் தள்ளிக்கொண்டே இருந்தான். உயிருக்குப் பயந்து கொண்டிருக்கிறவனுக்கு ராபர்ட் காக் எதற்கு?

இரண்டாவது தப்பு, பயமுறுத்தியது. "இப்படியே விட்டா செத்துடுவே" என்று கத்தினேன். அவன் நிமிர்ந்து பார்த்து, "அது தெரியாமலா இருக்கேன்?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவனுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு நான் பேசிக்கொண்டிருந்தேன். அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

மூன்றாவதுதான் பெரிய தப்பு. கோபத்தில் நேராக அவன் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். பின்கட்டில் அவன் தங்கையும் இருந்தாள். அடுத்த நாளிலிருந்து அவன் என்னோடு பேசவில்லை. போன் எடுக்கவில்லை. பதினெட்டு நாள். கணக்கு வைத்திருக்கிறேன். அந்தப் பதினெட்டு நாளும் அவன் அந்த ஒரே அறையில் இருமிக்கொண்டு இருந்தான், அதே அறையில் அப்பாவும் அம்மாவும் தங்கையும் படுத்தார்கள். நான் நல்லது செய்கிறேன் என்று செய்ததுதான் அந்தப் பதினெட்டு நாளை வீணாக்கியது.

ராமானுஜனும் இப்படித்தான் இருந்தார்

அவன் பேசாமல் இருந்த அந்த நாட்களில் ராபர்ட் கனிகல் எழுதிய ராமானுஜன் வாழ்க்கை வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். 1991இல் வந்த புத்தகம், 2015இல் அதே பெயரில் சினிமாவும் வந்தது. கணக்குக்காக எடுத்த புத்தகம்தான், ஆனால் பாதிக்கு மேல் என் கண்ணில் பட்டது கணக்கு இல்லை. நோயாளி ராமானுஜனைச் சுற்றி நின்று தவித்த நண்பர்கள்தான்.

கதையின் முன்பாதி எல்லோருக்கும் தெரியும். 1914 மார்ச்சில் கப்பலேறி இங்கிலாந்து போனார், ஹார்டியோடு சேர்ந்து கணக்குப் போட்டார். அந்த வருடமே முதல் உலகப் போர் ஆரம்பித்துவிட்டது. ராமானுஜன் சுத்த சைவம், தானே சமைத்துச் சாப்பிடுகிறவர். போர்க்காலத்தில் காய்கறி கிடைப்பது கஷ்டம். வேலை மும்முரத்தில் நேரத்துக்குச் சாப்பிடுவதும் இல்லை, தூங்குவதும் இல்லை. 1917இல் படுத்துவிட்டார்.

அதன்பிறகு ஒரு சிகிச்சை இல்லத்திலிருந்து இன்னொன்று என்று மாறிக்கொண்டே இருந்தார். கேம்பிரிட்ஜ், மெண்டிப் மலை, மேட்லாக், லண்டன், பட்னி. காசநோய் என்றுதான் பெரும்பாலும் வைத்தியம் நடந்தது. மெண்டிப் மலையில் சானடோரியம் நடத்தியவர் நம்ம ஊர்க்காரர், டாக்டர் சௌரிமுத்து. பின்னால் 1928இல் தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கியவரும் அவர்தான். மின்சார ரயிலில் போகும்போது 'தாம்பரம் சானடோரியம்' என்று ஸ்டேஷன் வருமே, அந்தப் பெயருக்குக் காரணம் அதுதான்.

அன்றைக்குக் காசநோய்க்கு மருந்து கிடையாது. முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்ததே 1943இல்தான். அதுவரை ஓய்வு, நல்ல சாப்பாடு, திறந்த ஜன்னல், குளிர்ந்த காற்று, இவ்வளவுதான் வைத்தியம். கும்பகோணத்து வெயிலில் வளர்ந்தவரை இங்கிலாந்துக் குளிரில் ஜன்னலைத் திறந்து வைத்துப் படுக்க வைத்தால் எப்படி இருந்திருக்கும்? சாப்பாடும் வாயில் வைக்க முடியாதது. ஊரிலோ அம்மாவுக்கும் மனைவி ஜானகிக்கும் ஆகவில்லை, வீட்டோடு கடிதப் போக்குவரத்தே கிட்டத்தட்ட நின்றுபோயிருந்தது. 1918 தொடக்கத்தில் மனம் உடைந்து உயிரை விடவும் முயன்று, தப்பினார்.

ஹார்டி என்ன செய்தார்? தன்னால் முடிந்ததையெல்லாம் செய்தார். டாக்டர்களைப் பார்த்தார், சென்னைக்குக் கடிதம் எழுதினார், ராயல் சொசைட்டியில் உறுப்பினராக்கப் பாடுபட்டார். 1918இல் அது கிடைத்தது, அந்த அக்டோபரில் டிரினிட்டி கல்லூரி ஃபெல்லோஷிப்பும் வந்தது. ராமானுஜனுக்கு அதில் உற்சாகம் வந்தது உண்மை. திரும்பக் கணக்கில் இறங்கினார்.

ஆனால் என்னைக் கவர்ந்தது இன்னொருவர். ராமலிங்கம் என்று ஒரு கடலூர்க்காரர், இங்கிலாந்தில் இன்ஜினியராக இருந்தார். 1918 ஜூனில் மேட்லாக் வரைக்கும் ரயிலேறிப் போய் மூன்று நாள் ராமானுஜனோடு தங்கினார். அவர் என்ன சாப்பிடுகிறார், எதைத் தொடவே மாட்டேன் என்கிறார், எவ்வளவு இளைத்திருக்கிறார் என்று பக்கத்தில் இருந்து பார்த்தார். பிறகு ஹார்டிக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார். சாப்பாட்டு விஷயம் எவ்வளவு முக்கியம் என்று அதில் விவரமாகச் சொன்னார். ராமானுஜனின் நாக்கும் பிடிவாதமும் அவருக்கே எதிரி என்பதையும் மறைக்கவில்லை.

பெரிய மேதையான ஹார்டியால் செய்ய முடியாத ஒன்றை இந்த இன்ஜினியர் செய்தார். 'ஏன் மாட்டேன் என்கிறாய்?' என்பதற்குப் பதிலைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். நான் அதைச் செய்யவே இல்லை என்பது இங்கேதான் எனக்கு உறைத்தது.

1919 மார்ச்சில் ராமானுஜன் இந்தியா திரும்பினார். சென்னை, கொடுமுடி, கும்பகோணம் என்று இடம் மாறினார். அவரை நன்றாகத் தெரிந்தவர்களே, வைத்தியம் என்றாலே முரண்டு பிடிக்கிற நோயாளி என்று பதிவு செய்திருக்கிறார்கள். மிகவும் வற்புறுத்தித்தான் 1920 ஜனவரியில் சென்னைக்கு அழைத்து வந்தார்கள். டாக்டர் சந்திரசேகர ஐயர் பார்த்தார். நம்பெருமாள் செட்டியார் சேத்துப்பட்டில் வாடகை வாங்காமல் வீடு கொடுத்தார். ஜானகி அம்மாள் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். 1920 ஏப்ரல் 26ஆம் தேதி, 32 வயதில், சேத்துப்பட்டில் போய்விட்டார்.

இதில் ஒரு திருப்பம் இருக்கிறது. 1994இல் டி.ஏ.பி. யங் என்பவர் பழைய குறிப்புகளையெல்லாம் அலசி, அது காசநோயே இல்லை, சீதபேதி கிருமி கல்லீரலைத் தாக்கியதாக இருக்கலாம் என்று எழுதினார். அது உண்மையென்றால் அந்தக் காலத்திலேயே அதற்கு மருந்து இருந்தது! இப்போது யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் 'டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், நீ வாயை மூடிக்கொண்டு வா' என்று நண்பனிடம் பேசும் முன் இதை நினைத்துப் பார்க்கலாம். டாக்டரும் தவறலாம். அதற்காகப் போகாமல் இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. நோயாளியின் சந்தேகத்தை முட்டாள்தனம் என்று தள்ளக்கூடாது என்று அர்த்தம்.

நோட்டில் போட்ட கணக்கு

பத்தொன்பதாவது நாள் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மாதான் கதவைத் திறந்தார். ஒன்றும் பேசாமல் தறிப்பள்ளத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவன் நெய்தான். அரை மணி நேரம் இருக்கும். பிறகு, "உங்க அம்மாகிட்ட சொன்னது தப்புடா, மன்னிச்சுக்கோ" என்றேன். "இனிமே உன்னை வான்னு கூப்பிட மாட்டேன். ஒண்ணே ஒண்ணு சொல்லு. ஆஸ்பத்திரிக்குப் போனா உனக்கு என்ன என்ன நஷ்டம்?"

கேட்ட விதம் அவனுக்குப் புதுசாக இருந்திருக்க வேண்டும். "உன் பி.காம் புத்தியா?" என்று சிரித்தான். சிரித்ததும் இருமல் வந்துவிட்டது. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னான். என் நோட்டில் எழுதினேன்.

ஒன்று, பாவு பாதியில் நிற்கிறது. பொங்கலுக்குள் புடவை வேண்டும் என்று முதலாளி சொல்லியிருக்கிறார், முன்பணமும் வாங்கியாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் டெஸ்ட்டுக்கு ஒரு நாள், ரிசல்ட்டுக்கு ஒரு நாள், மருந்துக்கு ஒரு நாள். மூன்று நாள் கூலி போச்சு. படுக்கச் சொல்லிவிட்டால் மொத்தமும் போச்சு.

இரண்டு, தங்கைக்குத் தையில் கல்யாணம். அண்ணனுக்கு டி.பி. என்று தெருவில் பரவினால் மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வார்கள்?

மூன்று, அவன் பெரியப்பா. பல வருடம் முன்னால் இதே மாதிரி இருமி, கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. அவன் கண்ணுக்கு, ஆஸ்பத்திரிதான் அவரைக் கொன்றது.

நான்கு, இதைச் சொல்லும்போது நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "டெஸ்ட் பண்ணாத வரைக்கும் அது வெறும் இருமல்டா. பண்ணிட்டா அது வேற."

எங்கள் பாடத்தில் வாய்ப்புச் செலவு என்று ஒன்று வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் எதை விட்டுக்கொடுக்கிறோமோ அதுதான் அதன் உண்மையான விலை. நான் அவனிடம் திரும்பத் திரும்ப, "அரசாங்கத்துல மருந்து இலவசம்தானே, உனக்கென்ன வந்துச்சு?" என்று கேட்டிருக்கிறேன். மருந்து இலவசம்தான். ஆனால் அவன் நோட்டில் அதன் விலை மூன்று நாள் கூலி, தங்கை கல்யாணம், பெரியப்பா ஞாபகம், இன்னும் 'வெறும் இருமல்' என்கிற நிம்மதி. இவ்வளவு விலை சொன்னால் நானும் வாங்கமாட்டேன்.

இதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது. 'வரமாட்டேன்' என்கிறவனிடம் அந்த 'மாட்டேன்' என்ற வார்த்தையோடு சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை. அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கி, அதில் எந்தெந்தச் செலவை நாம் ஏற்றுக்கொள்ள முடியுமோ அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் அட்வைஸ்.

சேத்துப்பட்டில் நடந்த ஆராய்ச்சி

அவன் கணக்கில் முதல் வரியையும் மூன்றாவது வரியையும் அடிக்க எனக்கு உதவியது ஒரு பழைய செய்தி. ராமானுஜன் இறந்த அதே சேத்துப்பட்டில் 1956இல் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் ஆரம்பித்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து. இன்றைக்குத் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர்.

அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. காசநோய்க்காரர்களை சானடோரியத்தில் படுக்க வைத்தால்தான் குணமாகுமா, வீட்டில் இருந்தே மாத்திரை சாப்பிட்டால் ஆகாதா? சென்னையின் ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில், நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. இன்னொரு பிரிவு நெரிசலான தங்கள் வீட்டிலேயே, கிடைத்த சாப்பாட்டோடு, பலர் வேலையும் செய்துகொண்டு. இரண்டு பிரிவுக்கும் ஒரே மருந்து. முடிவு 1959இல் வெளியானது. குணமானவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகப் பரவவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்களுக்குத் தேவை குறைந்ததற்கு இந்தச் சென்னை ஆராய்ச்சி ஒரு முக்கியக் காரணம்.

இதை அவனிடம் லெக்சராகச் சொல்லவில்லை. "படுக்க வேண்டாம்டா. வீட்டுல இருந்தே மாத்திரை. பெரியப்பாவைத் தூக்கிட்டுப் போனது கடைசி நேரத்துல, உன் காலுல நீ நடக்குற இப்போ" என்று மட்டும் சொன்னேன்.

"நான் வரமாட்டேன்" என்றான் திரும்பவும். "நீ வர வேண்டாம், உன் சளி வரட்டும்" என்றேன். விசாரித்து வைத்திருந்தேன், டப்பா வாங்கி வந்து வீட்டிலேயே சளி எடுத்துக் கொடுக்கலாம். மறுநாள் விடிகாலையில் வெறும் வயிற்றில் இருமி, டப்பாவை இறுக மூடிக் கொடுத்தான். நான் பைக்கில் கொண்டு போய்க் கொடுத்தேன். கூலி போகவில்லை. யாருக்கும் தெரியவில்லை. ரிசல்ட்டும் நான்தான் வாங்கி வந்தேன். பாசிட்டிவ்.

அன்றைக்கு அவன் தறியில் உட்காரவில்லை. கமண்டல நாகநதிக் கரையில் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தோம். "ஆறு மாசமா?" என்றான். "ஆறு மாசம்" என்றேன். அவ்வளவுதான் பேசினோம்.

மாத்திரை ஆரம்பித்த பிறகு

முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து. எடைக்கு ஏற்ற மாதிரி எண்ணிக்கை. முன்பெல்லாம் வாரத்துக்கு மூன்று நாள் என்று கொடுத்தார்கள், 2017லிருந்து தினமும். ஒழுங்காகச் சாப்பிட்டால் சில வாரங்களிலேயே மற்றவர்களுக்குப் பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும். அவன் கணக்கில் தங்கை கல்யாணத்துக்கு இதுதான் பதில். தையில் கல்யாணப் பந்தலில் அவன் நின்றபோது, மாத்திரை சாப்பிடாமல் நிற்பதைவிட ஆபத்து குறைவாக நின்றான்.

சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வருவார், தெருவே பார்க்கும் என்று பயந்தான். என் வீட்டில் சந்திக்கலாமா என்று கேட்டோம். அவர் சரி என்றார். நோயாளி மாத்திரை சாப்பிடுவதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும், குடும்பத்தார்தான் என்று இல்லை, நண்பரும் இருக்கலாம் என்றார். அந்த வேலை எனக்கு வந்தது.

இரண்டாம் நாள் காலை ஐந்தரை மணிக்கு போன். "டேய், ரத்தமா போகுதுடா!" என்று அலறுகிறான். தூக்கம் கலைந்து ஓடினேன். விஷயம் என்னவென்றால், அந்த மாத்திரையில் இருக்கிற ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு சிவப்பாக மாற்றும். பயப்பட ஒன்றுமில்லை. பணியாளர் என்னிடம் சொல்லியிருந்தார், நான் அவனிடம் சொல்ல மறந்துவிட்டேன். இப்படி ஒரு சின்ன விஷயத்தில் பயந்து எத்தனை பேர் மாத்திரையை நிறுத்தியிருப்பார்கள் என்று நினைத்தால் கலக்கமாக இருக்கிறது. (கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, பார்வை மங்கினாலோ அது வேறு. உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.)

மூன்றாவது மாதம் இருமல் போய்விட்டது, சட்டை கொஞ்சம் நிறைந்தது. அப்போதுதான் அவன் ஏமாற்ற ஆரம்பித்தான். நான் பரீட்சை மும்முரத்தில் இருந்தேன். ஒரு நாள் சந்தேகம் வந்து அட்டையில் மிச்சமிருந்த மாத்திரையை எண்ணிப் பார்த்தேன். ஆடிட்டிங்கில் ஸ்டாக் சரிபார்ப்பது போலத்தான். ஆறு நாள் மாத்திரை அதிகமாக இருந்தது. "நல்லாயிட்டேன்ல, எதுக்கு?" என்றான். பாதியில் விட்டால் மருந்துக்கு மசியாத கிருமி வளரும், பிறகு இன்னும் கடுமையான வைத்தியம் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இந்த முறை கத்தவில்லை. "அந்த ஆறு நாள் ஏன் விட்டே?" என்று கேட்டேன். காலையில் வெறும் வயிற்றில் சாப்பிட்டால் குமட்டுகிறது, அதோடு தறியில் குனிந்து உட்கார முடியவில்லை என்றான். விட்ட நாட்களையும் குமட்டலையும் பணியாளரிடம் சொன்னோம். அவர் டாக்டரிடம் கேட்டு நேரத்தை மாற்றிக் கொடுத்தார். அதன்பிறகு விடவில்லை.

காசநோயாளிக்குச் சத்துணவுக்காக மத்திய அரசு 2018 ஏப்ரலிலிருந்து மாதம் 500 ரூபாய் கொடுத்தது, 2024 நவம்பரிலிருந்து அது 1000 ரூபாய். அதில் முட்டையும் வேர்க்கடலையும் வாங்கச் சொன்னோம். இது தர்மம் இல்லை, வைத்தியம்தான். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், நோயாளியின் குடும்பத்துக்குச் சத்தான உணவு கொடுத்ததால் வீட்டில் மற்றவர்களுக்கு நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. ராமானுஜனின் சாப்பாட்டைப் பற்றி ராமலிங்கம் கடிதம் எழுதியது சும்மா இல்லை!

எதுவரைக்கும் விட்டுக்கொடுக்கலாம்?

என் கல்லூரி நண்பன் ஒருவன் கேட்டான், "அவன் உடம்பு, அவன் இஷ்டம். வேண்டாம்னா விட வேண்டியதுதானே?" என்று. நியாயமான கேள்விதான். சுயநினைவுள்ள வயதுவந்த ஒருவர் வைத்தியம் வேண்டாம் என்று சொல்லலாம். 2018 மார்ச் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றம் காமன் காஸ் வழக்கில் இதை ஏற்றுக்கொண்டது. முற்றிய புற்றுநோயில் இனி கீமோ வேண்டாம் என்று ஒருவர் நிதானமாகச் சொன்னால், அவரை இழுத்துக்கொண்டு ஓடுவது நட்பு இல்லை. வலியில்லாமல் இருக்க என்ன வழி என்று பார்ப்பதும், பக்கத்தில் இருப்பதும்தான் நட்பு.

ஆனால் இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, எல்லாம் தெரிந்து யோசித்துச் சொல்கிற 'வேண்டாம்'. இன்னொன்று, பயத்திலும் பணக்கஷ்டத்திலும் வெட்கத்திலும் வருகிற 'வேண்டாம்'. இரண்டாவதை 'அவன் உரிமை' என்று சொல்லி நகர்ந்துவிடுவது நமக்கு வசதி, அவ்வளவுதான். அவன் கணக்கில் இருந்த செலவுகளைக் குறைத்ததும் அவனே சரி என்றுவிட்டானே, அப்படியென்றால் முதலில் சொன்ன 'மாட்டேன்' யாருடைய முடிவு?

அதோடு காசநோய் ஒருவர் உடம்போடு நிற்கிற நோய் இல்லை. ஒரே அறையில் நான்கு பேர் மூச்சு விடுகிற வீட்டில் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரே ஒரு முறை, மெதுவாகச் சொன்னேன். "உன் உயிர் உன்னுது. தங்கச்சி மூச்சு அவளுது." அதற்கு அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் எல்லோருக்கும் டெஸ்ட் எடுக்கச் சொன்னபோது, முதலில் தங்கையைக் கூட்டிக்கொண்டு போனது அவன்தான். நல்லவேளை, யாருக்கும் இல்லை. தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள்.

காத்திருக்கவே கூடாத நேரமும் உண்டு. தமிழ்நாட்டில் 2022இல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கியபோது, நோயாளியிடம் முதலில் பார்க்கச் சொன்னது இதைத்தான்: மிக மோசமாக இளைத்திருக்கிறாரா, காலில் வீக்கமா, மூச்சு வாங்குகிறதா, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடியவில்லையா? இதில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் போதாது, உடனே ஆஸ்பத்திரி. அந்த நேரத்தில் நட்பு முறிந்தாலும் பரவாயில்லை, 108ஐக் கூப்பிடுங்கள். உயிரை விடுகிற மாதிரிப் பேச ஆரம்பித்தாலும் அப்படித்தான். ரகசியம் காக்க வேண்டாம், தனியே விடவும் வேண்டாம்.

மற்ற நேரங்களில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்:

1. 'ஏன் வரமாட்டே?' என்று அதட்டாதீர்கள். 'போனா என்ன நஷ்டம்?' என்று கேளுங்கள். பதிலை நடுவில் வெட்டாதீர்கள்.

2. அவர் சொன்ன காரணங்களில் நீங்கள் தூக்கக்கூடிய ஒன்றைத் தூக்குங்கள். டப்பா கொண்டு போவது, வரிசையில் நிற்பது, பஸ் செலவு, ஒரு நாள் வேலைக்கு மாற்று ஆள்.

3. மொத்த வைத்தியத்துக்கும் ஒரே நாளில் சம்மதம் வாங்கப் பார்க்காதீர்கள். ஒரு டெஸ்ட்டுக்கு மட்டும் கேளுங்கள்.

4. அவரிடம் சொல்லாமல் வீட்டில் சொல்லாதீர்கள். சொல்லியே ஆக வேண்டும் என்றால், 'இத்தனை நாளுக்குள்ள நீ சொல்லு, இல்லேன்னா நான் சொல்லுவேன்' என்று முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

5. சரி என்று சொன்ன பிறகுதான் உங்கள் வேலை ஆரம்பம். மாத்திரையை எண்ணுங்கள்.

இப்போது வைகாசி. ஆறாவது மாத மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசியில் ஒரு சளி டெஸ்ட் எடுப்பார்கள், அதற்கு அவனே வருகிறேன் என்றிருக்கிறான். அந்தப் பாவு பொங்கலுக்குள் முடியவில்லை, முதலாளி கொஞ்சம் முகத்தைக் காட்டினார், பிறகு அடுத்த பாவையும் கொடுத்துவிட்டார். நேற்று ராத்திரி இதைப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ராமானுஜன் கதையைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்" என்றான். குறைக்கவில்லை. :)

உங்களுக்குத் தெரிந்த யாராவது மூன்று வாரமாக இருமிக்கொண்டு 'வெறும் தூசிடா' என்று சொல்லிக்கொண்டிருந்தால், இன்றைக்குச் சாயங்காலம் போய்ப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.